'சாதி ஒரு புற்றுநோய்' என்று மேடையில் சொல்வதற்கு முன்

 

இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும், "இலக்கிய அமைப்பு எதற்குக் கேன்சரைப் பற்றிப் பேச வேண்டும், ஒரு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நோய் எப்படி வருகிறது, எப்படிப் பரவுகிறது என்பதை டாக்டர் சொல்வார். அந்த நோயோடு ஏழு வருஷம் குடித்தனம் நடத்துவது எப்படி என்பதை நடத்தியவர்கள்தான் சொல்ல முடியும். அப்படி நடத்திய ஒருவரை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம். இந்த உரையில் பெரும்பகுதி அவரிடமிருந்து கற்றது.

அவர் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு மார்பில் கேன்சர் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களாம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதை நாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் படித்துக்காட்ட முடியாது. ஆகவே இங்கே அவரை 'அக்கா' என்றே சொல்கிறோம். திருமுல்லைவாயலில் வாடகை வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் தையல் மெஷின் ஓட்டினார். வீட்டுக்காரர் பெயின்டர், தினக்கூலி. நம் கூட்டங்களுக்குப் பேனர் தைத்துக் கொடுத்தவர், பாயாசம் கிளறியவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பேச்சையும் கேட்டவர்.

2019 ஏப்ரல் 14 அன்று ஆவடியில் நாங்கள் நடத்திய கூட்டத்தில், எங்களில் ஒருவர் மேடையேறி, சாதி என்பது இந்தச் சமூகத்தைப் பிடித்த புற்றுநோய், அதை வேரோடு வெட்டி எறிய வேண்டும் என்று பேசினார். கைதட்டல் விழுந்தது. நாங்கள் எல்லோரும் பலமுறை பேசிய வாக்கியம்தான் அது. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அக்கா அவரிடம் வந்தார். "தம்பி, நல்லா பேசினீங்க. ஆனா ஒண்ணு. நான் கேன்சர்காரி. நீங்க வேரோட வெட்டணும்னு சொல்றீங்க, எல்லாரும் கை தட்றாங்க. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவருடைய இடது மார்பை அறுவை செய்து எடுத்திருந்தார்கள் என்பது எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்.

அன்றிலிருந்து அந்த உவமையை நாங்கள் விட்டுவிட்டோம். விட்டதோடு நிற்காமல், அது ஏன் நம் வாயில் இவ்வளவு எளிதாக வந்தது என்றும் யோசித்தோம்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1975-இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். 1978-இல், நோயை உவமையாக்குவதைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். எதையாவது புற்றுநோய் என்று அழைத்தால் அதை அழித்தே தீர வேண்டும் என்ற வெறி கூடவே வந்துவிடுகிறது. அந்த நோய் உள்ளவர் தன்னையே கேவலமாக நினைக்கத் தொடங்குகிறார். இதுதான் அவர் வாதத்தின் சாரம். அந்த நூலில் எங்களைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. வியட்நாம் போர்க் காலத்துக் கோபத்தில் வெள்ளை இனத்தையே வரலாற்றின் புற்றுநோய் என்று எழுதியவர் அவர். அந்தத் தவறைத் தானே எடுத்துக் காட்டுகிறார். கோபம் நியாயமானதுதான், உவமை மட்டும் யாரோ ஒரு நோயாளியின் மேல் விழுந்துவிட்டது. நம் கதையும் அதுவே.

தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வாசனை உண்டு. கிரேக்க மருத்துவர்கள் நண்டு என்று பெயர் வைத்தார்கள். கேன்சர் என்ற சொல் அதன் வழியில் வந்தது. நாம் புற்று என்கிறோம். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருவேற்காட்டில் புற்றுக்கு மஞ்சள் வைத்துப் பால் ஊற்றுகிறார்கள். அக்காவும் ஊற்றியவர்தான். "கும்பிடற பேரையே நோய்க்கும் வச்சிருக்காங்க பாரு" என்று ஒருமுறை சொன்னார். பகுத்தறிவு பேசும் நாங்கள் அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

போர் உவமையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1971-இல் அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டதையே புற்றுநோய்க்கு எதிரான போர் என்றுதான் அழைத்தார்கள். நம் இரங்கல் சுவரொட்டிகளிலும் 'புற்றுநோயோடு போராடி மறைந்தார்' என்று போடுகிறோம். போராளி என்ற சொல் நமக்குப் பிடித்த சொல். ஆனால் போர் என்றால் செத்தவர் தோற்றவர் ஆகிவிடுகிறார். அக்கா எதிலும் தோற்கவில்லை. மாத்திரை சாப்பிட்டார், மெஷின் ஓட்டினார், செத்துப்போனார்.

இனி அந்த ஏழு வருஷத்தைப் பற்றி.

2016 கடைசியில் குளிக்கும்போது கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. மார்பில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டு டாக்டரிடம் போகிறவர்கள் நம் தெருக்களில் குறைவு. போனபோது முதலில் பார்த்தவர் கொழுப்புக்கட்டி என்று மாத்திரை கொடுத்தார். நான்கு மாதம் கழித்து, நகரத்திலுள்ள பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் ஊசியால் சதை எடுத்துச் சோதித்துச் சொன்னார்கள்.

கீமோ மருந்தை 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். அது வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து. புற்று செல்லும் வேகமாகப் பெருகும். முடியின் வேரும், வாயின் உட்தோலும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உண்டாகும் இடமும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளையணு குறைகிறது. அடுத்த ஊசிக்கு முன்னால் ரத்தம் சோதிப்பார்கள். அணு எண்ணிக்கை போதாவிட்டால் ஊசி கிடையாது, அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். மருத்துவப்படி சரியான முடிவு. அக்காவின் நோட்டில் அந்த நாள் எப்படி இருக்கிறது என்றால்: "கவுண்ட் கம்மி. திரும்பி வந்தோம். அவர் கூலி போச்சு. என் கூலி போச்சு." விடியற்காலை ரயிலேறி, பேருந்து மாறி, வரிசையில் நின்று, பகல் ஒரு மணிக்குக் கிடைத்த பதில் அது. மருத்துவக் கோப்பில் அந்த நாள் 'ஒத்திவைப்பு' என்ற ஒரே சொல்லாக இருக்கும்.

அக்கா ஒரு 80 பக்க நோட்டு வைத்திருந்தார். மகளின் பழைய கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். ரயில், பஸ், டீ, இளநீர், ஜெராக்ஸ் என்று ஒரு பக்கம். மாத்திரை, காய்ச்சல், வாந்தி என்று மறுபக்கம். ஜெராக்ஸ் செலவு இவ்வளவு வருமா என்று நாங்கள் வியந்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இல் இப்போதைய வடிவம் பெற்ற இந்தத் திட்டம் இல்லாவிட்டால் அக்காவின் வீடு முதல் வருஷத்திலேயே கடனில் மூழ்கியிருக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் காப்பீட்டு அட்டை மருத்துவமனை வாசலுக்கு உள்ளேதான் செல்லும். வாசலுக்கு வெளியே உள்ளதெல்லாம் நோட்டில்தான் ஏறும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின் அக்காவின் பஸ் கணக்கு நின்றுவிட்டது. துணைக்குப் போன வீட்டுக்காரரின் கணக்கு தொடர்ந்தது.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். மெஷினுக்குக் கீழே படுப்பது சில நிமிடம்தான், போய்வருவதும் காத்திருப்பதும் நாள் முழுக்க. கதிர் தினமும் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக மார்பில் மையால் கோடு போடுவார்கள். கோடு அழியக்கூடாது. அந்த இடத்தில் சோப்பு போடக்கூடாது, தேய்க்கக்கூடாது, பவுடர் கூடாது. சித்திரை வெயிலில் ஐந்து வாரம்.

இதைக் கேட்கும் டாக்டருக்கு இது ஒரு சாதாரண அறிவுரை. அக்காவுக்கு அது என்ன என்பதை நாம்தான் புரிந்துகொள்ள முடியும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்தியதை நாற்பது வயதிலும் சொல்வார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒருநாளைக்கு இரண்டு குளியல், தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், முடிந்தால் மல்லிகை. அழுக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு உடம்பை அவ்வளவு கவனமாகப் பராமரித்தவர், சோப்பு போடாமல் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டு போக வேண்டியிருந்தது. "யாராவது தள்ளி நின்னா, கூட்டத்துல நிக்கறாங்களா, நாத்தத்துல நிக்கறாங்களான்னு பாத்துனே இருப்பேன்" என்றார். இந்தக் கவலை கதிர்வீச்சின் பக்கவிளைவுப் பட்டியலில் இல்லை.

நாற்றத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் எல்லோரும் மௌனமாக இருக்கிறார்கள். பூந்தமல்லியில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்த ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. ரத்தப்போக்கும் வெள்ளைப்போக்கும் வாடையோடு வந்தன. வேலைக்குப் போன வீடுகளில் அவருக்கு முன்பே தனி லிஃப்ட், தனி டம்ளர். இப்போது வேலையே வேண்டாம் என்றார்கள். பிறகு கோயிலுக்குப் போகவில்லை, கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை, நம் கூட்டத்துக்கும் வரவில்லை. புண்ணில் வாடை வருவது காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகைப் பாக்டீரியாவால். மெட்ரோனிடசோல் என்ற மலிவான மாத்திரை அந்த வாடையைப் பெருமளவு குறைக்கும். வெளிப்புண் என்றால் அதைப் பொடித்துத் தூவும் முறையை வலிதணிப்புச் செவிலியர்கள் பல காலமாகக் கையாள்கிறார்கள். எந்த அளவு, எப்படி என்பதை மருத்துவரோ செவிலியரோ சொல்ல வேண்டும். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. 'என் மேல வாடை அடிக்குது' என்று நம் பெண் ஒருத்தி ஒரு டாக்டரிடம் எப்படி வாய் திறந்து சொல்வாள்?

தனி டம்ளரைப் பற்றி அக்காவுக்கும் ஒரு கதை உண்டு. கீமோ நாட்களில் மாமியார் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்தார். கெட்ட எண்ணம் இல்லை, பேரப்பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். "ஊர்ல டீக்கடைல தனி கிளாஸ் வச்சான். அத விட்டு ஓடி வந்தேன். இங்க என் வூட்லயே வச்சாங்க" என்றார் அக்கா. புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ் உடலுறவில் பரவும், புற்று பரவாது. வெளியிலிருந்து கதிர் வாங்கியவரின் உடம்பில் கதிர் மிச்சம் இருக்காது, குழந்தையைத் தூக்கலாம். கீமோ ஏற்றிய பிறகு சுமார் இரண்டு நாள் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும் என்பதால் அவற்றைச் சுத்தம் செய்கிறவர் கையுறை போட வேண்டும். ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சொல்லப்படும் இந்த ஒரு எச்சரிக்கை, வீட்டுக்கு வந்து சேரும்போது தனி டம்ளர் ஆகிவிடுகிறது. தீட்டு என்ற பழக்கம் ஏற்கனவே போட்டு வைத்த பாதையில் அது வேகமாகப் போகிறது. நம் வீடுகளுக்குள்ளும் அந்தப் பாதை இருக்கிறது.

அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகளை எடுத்ததால் இடது கை வீங்கத் தொடங்கியது. அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றால் குடம் தூக்காமல் இருக்க முடியாது. தையல் மெஷினில் துணியை இழுத்துப் பிடிப்பது இடது கை. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு, வீங்கிய கைக்காகக் குறையவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, அவரைத் தையலிலிருந்து நூல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது.

மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டப்படி மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி காப்பீட்டில் வந்தார். நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். புற்றுநோய் அதில் உண்டு. அவற்றுக்கு 80 சதவீதம் சம்பளம், இரண்டு வருஷம் வரை. நோய்க்கால உதவி பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. எவ்வளவு பெரிய பாதுகாப்பு பாருங்கள். ஆனால் நீண்டகால உதவிக்கு நிபந்தனை இருக்கிறது: இரண்டு வருஷம் தொடர்ச்சியாகக் காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், ஆறு ஆறு மாதமான நான்கு சந்தா காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

அக்கா அதே ஷெட்டில், அதே மெஷினில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் அவர் மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்தவர். ஒவ்வொருவரும் புதிதாக ஒரு காப்பீட்டு எண் போட்டிருந்தார்கள். ஒருவர் பிடித்த சந்தாவைக் கட்டவே இல்லை. தொடர்ச்சி அறுந்துவிட்டது. ஒருவருக்கு ஒரே எண்தான் இருக்க வேண்டும், வேலை மாறினாலும் அதே எண்ணில் தொடர வேண்டும் என்பது விதி. அது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. இத்தனை வருஷம் எஸ்டேட் வாசலில் துண்டறிக்கை கொடுத்தவர்கள் நாங்கள், ஒரு தொழிலாளியின் இ.எஸ்.ஐ. எண்ணை ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டைப் பற்றி நாங்கள் ஒரு கருத்தரங்கமே நடத்தியிருக்கிறோம்.

அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1954-இல், அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவருடைய தாய் தேவதாசி மரபில் வந்தவர். அந்த அடையாளத்தின் சுமையோடு படித்து டாக்டரானவர் மகள். 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. தென்னிந்தியாவின் முதல் புற்றுநோய் மருத்துவமனை ஒரு தங்கையின் வலியிலிருந்து தொடங்கியது என்பதை மருத்துவ மாணவர்களாவது மறக்கக்கூடாது.

மார்பு இல்லாத பக்கத்துக்கு அக்கா செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சிலிகான் மார்பின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கம்பெனியில் வெட்டி விழும் பனியன் துணியை எடுத்து, உள்ளே கடுகு நிரப்பித் தானே தைத்துக்கொண்டார். பஞ்சு மட்டும் வைத்தால் கனம் இருக்காது, ஒரு தோள் தூக்கிக்கொள்ளும், கடுகு என்றால் கனமும் வரும், உடம்போடு அசையும் என்று விளக்கினார். பிறகு வார்டில் பழகிய பெண்களுக்கும் தைத்துக் கொடுத்தார். எத்தனை என்று நோட்டில் கணக்கு இல்லை. காசு வாங்கவில்லை போலிருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978-இல் ஒரு மார்பை எடுத்தார்கள். மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்து ஆட்டுக்கம்பளியில் செய்த செயற்கை மார்பைக் கொடுத்தார். லார்ட் அதை வைத்துக்கொள்ள மறுத்தார். மறைத்துக்கொண்டே இருந்தால் இதே நிலையிலுள்ள பெண்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுகொள்வார்கள் என்று கேட்டார். 1980-இல் வந்த அவருடைய புற்றுநோய்க் குறிப்புகளில் இது விரிவாக இருக்கிறது. நாங்கள் உற்சாகமாக இதை அக்காவிடம் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு வேலை இருந்துச்சா?" என்றார். இருந்தது, கல்லூரியில் ஆசிரியர் என்றோம். "அதான். எனக்கு சூப்பர்வைசர் பாத்தா நாளைக்கு வராதம்பான்" என்றார். லார்டின் அரசியல் சரியானது என்றே இன்றும் நினைக்கிறோம். ஆனால் அக்கா மறைத்துக்கொண்டே மற்ற பெண்களைக் கண்டுகொண்டார் என்பதையும் பார்க்கிறோம். அவருடைய கடுகுப் பொட்டலம் அதைச் செய்தது.

ஆண்களின் கதை வேறு மாதிரி. ஆவடிப் பக்கம் குப்பை வண்டியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அண்ணன் ஒருவருக்குக் கன்னத்தின் உட்பகுதியில் புற்று. பத்தொன்பது வயதிலிருந்து புகையிலை அடக்கியவர். "ஏன் போட்டே, போட்டே" என்று போகும் இடமெல்லாம் கேட்டார்கள். அழுகின குப்பைக்குள் கையை விடுகிறவனுக்கு வாயில் காரமாக ஏதாவது இருந்தால்தான் குமட்டாது என்பதை அவர் விளக்க முயன்று, பிறகு விட்டுவிட்டார். 2013-இலிருந்து தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை இருக்கிறது. அந்த வேலையைக் கையால் செய்யச் சொல்வதற்கு அப்படியொரு உறுதியான தடை வேலைத்தலத்தில் எங்கும் தெரியவில்லை. அறுவையும் கதிரும் முடிந்தபின் அவர் வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி. கோப்பில் 'நோய் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதியிருந்தது. அவரைப் பொறுத்தவரை மகளின் கல்யாணப் பந்தியில் உட்கார முடியாமல் போனதுதான் நோய்.

2020 மார்ச்சில் மின்சார ரயில் நின்றது. எல்லோரும் ஏறலாம் என்றாவதற்குப் பல மாதம் பிடித்தது. அக்காவின் பரிசோதனைத் தேதிகள் தவறின. 2021 கடைசியில் முதுகு வலி என்றார். மெஷின் ஓட்டிய முதுகு, வலிக்காமல் இருக்குமா என்று தைலம் தேய்த்தார். முதுகெலும்பில் பரவியிருந்தது.

எலும்பில் பரவிய புற்றின் வலி பெரிய வலி. செவிலியர் கேட்பார், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று. அக்கா எப்போதும் "ரெண்டு, மூணு இருக்கும்மா" என்பார். அந்த நேரத்தில் நெற்றியில் வேர்வை ஓடும். எங்களுக்கு ஆத்திரம் வரும், உண்மையைச் சொல்லுங்களேன் என்போம். "சும்மா சும்மா வலி வலின்னா நாளைக்கு மதிக்க மாட்டாங்க" என்பார். முதலாளி முன்னால், ஆண்டை முன்னால் வலியைச் சொல்லாமல் வளர்ந்த உடம்பு அது. உழைக்கிற சனம் தாங்கும் என்ற நம்பிக்கை கேட்கிறவரிடமும் இருக்கிறது. 1951-இல் பால்டிமோரில் கறுப்பினத்தவருக்கான வார்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு கிடந்த ஹென்ரியட்டா லாக்ஸின் செல்களைக் கேட்காமலே எடுத்தார்கள். அந்தச் செல்கள் இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. 31 வயதில், கடும் வலியில் இறந்த அந்தப் பெண்ணின் பெயர் வெளியில் வரவே இருபதாண்டுக்கு மேல் ஆனது. செல்களை வைத்து லாபம் பார்த்த ஒரு கம்பெனி 2023-இல்தான் குடும்பத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது.

வலிக்கு மார்ஃபின் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு மருந்தைப் படிப்படியாகக் கூட்டும் முறையை வெளியிட்டது; வாயால் சாப்பிடும் மார்ஃபின் அதில் மேல்படியில் உள்ளது. அது அபினியிலிருந்து கிடைக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபினிச் செடி விளைகிறது. விளைகிற நாட்டிலேயே நோயாளிக்குக் கிடைக்காமல் போனதற்குப் பெரிய காரணம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று காலாவதியானாலும் மருந்து நின்றுவிடும். கேரளத்தில் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் 1993-இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சங்கம் தொடங்கி, அக்கம்பக்கத்து மக்களையே தொண்டர்களாக்கினார்கள். இந்தச் சட்டத்தை மாற்றவும் பல ஆண்டு அலைந்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் வைத்திருக்கலாம்.

அக்காவுக்கு மார்ஃபின் எழுதியபோது அவர் வீட்டுக்காரர் பயந்தார். போதையாகிவிடும், கடைசி மருந்து, இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்று நினைத்தார். வலிக்கு அளவோடு கொடுக்கும் மார்ஃபினால் புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது அரிது என்பதையும், மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து வேண்டும் என்பதையும் செவிலியர் உட்கார்ந்து விளக்கினார். நான்கு மணிக்கு ஒருமுறை மாத்திரை. அன்று இரவு அக்கா தூங்கினார். நோட்டில் "தூங்கினேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறார், தேதி போட்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றும் செவிலியரை நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பாருங்கள். யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்ற தகவல் அவர்களுக்கு வேண்டும். அந்தத் தகவல் கிளைகளில் இருக்கிற நம்மிடம்தான் இருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவரும் அவரே. நாடி பார்த்த கையும் பத்திரிகை எழுதிய கையும் ஒன்றாக இருந்த மரபு நம்முடையது. பிறகு வந்த தலித் இலக்கியம் அடிபட்ட உடம்பை எழுதியது; கே. ஏ. குணசேகரன் தன் வாழ்க்கைக் கதைக்கு 'வடு' என்றே பெயர் வைத்தார். நோயுற்ற உடம்பை நாம் இன்னும் அதிகம் எழுதவில்லை. தலித் பேந்தர்ஸை நிறுவியவர்களில் ஒருவரான நாம்தேவ் தசால் 2014 ஜனவரியில் குடல் புற்றுநோயில் இறந்தார். சாதியையும் பெண்களையும் சேர்த்து ஆராய்ந்த ஷர்மிளா ரேகே 2013 ஜூலையில் அதே நோயில் இறந்தார். இரங்கல் கட்டுரைகளில் நோய்க்கு ஒரு வரி ஒதுக்கினோம். அந்த வரிக்குள் எத்தனை கவுண்ட் கம்மியான நாட்கள் இருந்தன என்று நாம் கேட்டதில்லை.

அக்கா 2023 நவம்பரில் வீட்டிலேயே இறந்தார். அதற்குப் பத்து நாள் முன்னால் நாங்கள் போயிருந்தோம். டிசம்பர் 6 கூட்டத்துக்குப் பேனர் தைக்க முடியாது, துணியை வாங்கி மகளிடம் கொடுங்கள், அவளுக்கு மடிப்பு அடிக்கத் தெரியும் என்றார்.

அந்த 80 பக்க நோட்டை மகள் இன்று கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் பின்னால் மேசையில் இருக்கும், பார்க்கலாம். படம் எடுக்க வேண்டாம், ஊர்ப் பெயரும் உறவுப் பெயரும் அதில் இருக்கின்றன. எட்டரை மணி ரயிலுக்கு அவர் கிளம்ப வேண்டும், அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.